பொறியாளர்களின் ஊரில் கட்டடக் கலைஞர்கள்: குரோய்டனில் ஒரு தொழிற்குழுவின் நிலைமாற்றம்

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கும் கொள்ளிடத்தில் மேலணை எழுப்பிய ஆர்தர் காட்டனும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்கு அதிகாரிகளைத் தயார்செய்ய, இன்று லண்டனின் பகுதியாக உள்ள குரோய்டனை ஒட்டிய அடிஸ்கோம்பில் 1809இல் நிறுவிய பள்ளி அது. 1861இல் பள்ளி மூடப்பட்டது. நிலம் மனைகளாகப் பிரிந்தது; கேனிங், ஹேவ்லாக், அவுட்ராம் என்னும் தெருப்பெயர்கள் எஞ்சின. அந்தப் பள்ளிக்கும் இன்றைய குரோய்டனின் கோபுரங்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் பொறியாளர்களை வளர்த்த அவ்வூர், பின்னாளிலும் பொறியாளர், வழக்கறிஞர், முதலீட்டாளர் ஆகியோர் கையாலேயே உருமாறியது. கட்டடக் கலைஞர்கள் என்ற தொழிற்குழு அதில் எப்போது, யாருடைய பணியாளராக நுழைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெயருக்குக் காப்பு, வேலைக்கு இல்லை

பிரிட்டனின் கட்டடக் கலைஞர் கழகம் 1834இல் தோன்றி, 1837இல் அரச சாசனம் பெற்றது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலுக்குப் பதிவேடு தந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்வதைத் தடுத்தது. சட்டம் காத்தது பட்டத்தை மட்டுமே. வரைபடம் போடும் வேலை எவருக்கும் திறந்தே இருந்தது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டத்தையே காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஓர் ஊரில் இத்தொழிலின் செல்வாக்கை அளக்க, வேலை கொடுத்தவர் யார் என்று தேட வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு குரோய்டனில் வேலை கொடுத்தவை திருச்சபையும் நகராட்சியும். 1867இல் தீக்கிரையான தலைமைத் தேவாலயத்தை ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் மீண்டும் எழுப்பினார். 1896இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்தைச் சார்ல்ஸ் ஹென்மன் வடிவமைத்தார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கலைஞரை அமர்த்தினார்கள்; ஊர் முழுவதையும் சேர்த்து எண்ணும் பொறுப்பு அவர்களிடம் வரவில்லை.

1956: சட்டம் வரைந்த நகரம்

குரோய்டன் 1889 முதல் தனி நிர்வாக உரிமை கொண்ட கவுண்டி பரோ. 1965இல் லண்டனின் பரோக்களில் ஒன்றாகும்வரை அது லண்டன் கவுண்டி கவுன்சிலின் எல்லைக்கு வெளியே இருந்தது. இந்த எல்லைக்கோடு முக்கியமானது. அந்தக் கவுன்சிலின் கட்டடக் கலைத்துறையில் லெஸ்லி மார்ட்டின், ராபர்ட் மேத்யூ போன்றோர் அரசுப் பணியாளர்களாக இருந்துகொண்டே 1951இல் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை உருவாக்கினார்கள். குரோய்டனுக்கு அந்த நிழல் வாய்க்கவில்லை.

அதன் கையில் இருந்தது 1956ஆம் ஆண்டின் குரோய்டன் கார்ப்பரேஷன் சட்டம். நகர மையத்தில் நிலத்தைக் கையகப்படுத்தி, சாலைகளை அகலப்படுத்தி, மீதியை அலுவலகக் கட்டடங்களுக்கு விட அது வழிசெய்தது. கவுன்சிலர் சர் ஜேம்ஸ் மார்ஷல் இதற்கு முன்னின்றார். லண்டன் மையத்தின் அலுவலகங்களை வெளியே அனுப்ப மத்திய அரசு 1963இல் தனி அமைப்பொன்றைத் தொடங்கியது. 1964இல் லண்டனில் புதிய அலுவலகக் கட்டடங்களுக்கே கட்டுப்பாடு விதித்தது. கட்டுப்பாடு வருமுன் அனுமதி வாங்கி வைத்திருந்தவர்களுக்கு யோகம் அடித்தது.

இக்காலக் கட்டடங்களை அமர்த்தியவர் வாரியாகப் பிரித்தால் நிலைமை தெளிவாகும். 1962இல் திறந்த ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ் அரங்கைக் குரோய்டன் கவுன்சில் ராபர்ட் அட்கின்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒலியமைப்புக்கு, ஃபெஸ்டிவல் ஹாலில் பணியாற்றிய ஹோப் பாகனால் வந்தார். கவுன்சிலின் சொந்த அலுவலகமாக இருந்த 19 மாடி டாபர்னர் ஹவுஸில் கலைஞர் தோர்ன்லியின் பெயரோடு பரோ பொறியாளர்களின் பெயர்களும் சேர்ந்தே பதிவாயின. அக்கோபுரத்துக்குக் கவுன்சில் சூட்டியதோ அதன் நிர்வாகச் செயலாளர் எர்னஸ்ட் டாபர்னரின் பெயர். மற்றவை முதலீட்டாளர்களுடையவை. கிழக்குக் குரோய்டன் நிலையத்தருகே அடுக்கிய நாணயங்கள் போல நிற்கும் 24 மாடிக் கோபுரத்தை, அனுமதி விதிகளின் இண்டு இடுக்கெல்லாம் அறிந்தவர் எனப் பேரெடுத்த ரிச்சர்ட் சைஃபர்ட்டின் நிறுவனம் வரைந்தது. முதலீட்டாளர் ஹாரி ஹயாம்ஸுக்காக டெனிஸ் கிரம்ப் நிறுவனம் 1970இல் முடித்தவை அப்பல்லோ ஹவுஸும் லூனார் ஹவுஸும். நிலவுப் பயண உற்சாகத்தில் வைத்த பெயர்கள். லூனார் ஹவுஸ் குடிவரவு அலுவலகமானபின், தஞ்சம் கேட்டு வந்த ஈழத்தமிழர் பலருக்கு பிரிட்டனில் முதலில் பரிச்சயமான கட்டடங்களில் ஒன்றானது.

விமர்சகராக, பிறகு ஊழியராக

தொழிற்குழு ஊரைப் பற்றிக் கூட்டாகப் பேசத் தொடங்கியது 1993இல். ஆர்க்கிடெக்சர் ஃபவுண்டேஷனும் கவுன்சிலும் இணைந்து ‘குரோய்டன்: தி ஃபியூச்சர்’ என்னும் கண்காட்சியை நடத்தின. பல கலைஞர்கள் நகர மையத்துக்கு மாற்று வரைவுகள் கொடுத்தனர். 2007இல் கட்டடக் கலைஞர் வில் அல்சாப், குரோய்டனை லண்டனின் ‘மூன்றாம் நகரம்’ ஆக்கும் வண்ணமயமான கனவை வரைந்தார். இரண்டுமே பேச்சைக் கிளப்பின. நில உடைமையைத் தொடவில்லை.

மாற்றம் கவுன்சிலுக்கு உள்ளிருந்து வந்தது. வடிவமைப்புப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் பல நில உரிமையாளர்களை ஒரே மேசைக்கு அழைத்து, 2011 முதல் 2014 வரை கிழக்கு, மேற்கு, நடுக் குரோய்டன், ஃபேர் ஃபீல்ட், பழைய நகரம் ஆகிய பகுதிகளுக்குத் தனித்தனி வளர்ச்சித் திட்டம் வகுத்தனர். அங்கே பணிபுரிந்த ஃபின் வில்லியம்ஸ், 2017இல் பூஜா அகர்வாலுடன் சேர்ந்து ‘பப்ளிக் பிராக்டிஸ்’ அமைப்பைத் தொடங்கினார். வடிவமைப்பாளர்களை உள்ளாட்சிப் பணிக்கு அனுப்புவது அதன் வேலை. 1976இல் பிரிட்டனின் கட்டடக் கலைஞரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அரசுத்துறையில் இருந்தார்கள், அமைப்பு தொடங்கிய காலத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பது அவர்கள் முன்வைத்த கணக்கு.

கவுன்சிலே கட்டுநரானபோது

அடுத்த படியாகக் கவுன்சில் ‘பிரிக் பை பிரிக்’ என்னும் சொந்த வீட்டுக் கட்டுமான நிறுவனத்தை அமைத்தது. அதனுள் ‘காமன் கிரவுண்ட்’ என்ற வடிவமைப்புக் குழு பிறந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் உள்ளாட்சியின் குடையின்கீழ் கலைஞர்கள் வீடுகள் வரைந்தனர். ஆனால் கவுன்சில் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் சுமார் 20 கோடி பவுண்டை எட்டியது. எதிர்பார்த்த வருவாய் திரும்பவில்லை. அதே நிறுவனம் மேற்பார்த்த ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ் புதுப்பிப்பின் செலவு, 3 கோடி பவுண்டு மதிப்பீட்டிலிருந்து இரு மடங்குக்கு மேல் போனது. 2020 நவம்பரில் கவுன்சில் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டு, வரவுக்குள் செலவு அடங்காது என்று ஒப்புக்கொண்டது.

விளைவு வடிவமைப்பையும் தாக்கியது. புறநகர் மனைகளில் கூடுதல் வீடுகளுக்கு இடம்கொடுத்த 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, குடியிருப்போர் எதிர்ப்பால், 2022இல் நேரடித் தேர்தலில் வென்ற முதல் மேயர் ஜேசன் பெர்ரியின் காலத்தில் கைவிடப்பட்டது. உயரமான கட்டடங்கள் எழுவது மட்டும் நிற்கவில்லை. தொழிற்சாலையில் செய்த அறைப்பெட்டிகளை அடுக்கி ஹெச்டிஏ நிறுவனம் வடிவமைத்த 44 மாடி ‘டென் டிகிரீஸ்’, கவுன்சில் நொடித்த ஆண்டிலேயே தனியார் பணத்தில் எழுந்து முடிந்தது.

முடிவுரை

குரோய்டனின் வரலாற்றைக் கட்டட பாணிகளின் வரலாறாகப் படிப்போர் காங்கிரீட் கோபுரங்களை வரைந்தவர்களைக் குறைசொல்கிறார்கள். மேற்கண்ட சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 1956இல் சட்டமும் நிலமும் கவுன்சிலிடம் இருந்தன, வடிவமைப்புப் பொறுப்பு வெளியே கிடந்தது. 2011க்குப் பின் அந்தப் பொறுப்பு உள்ளே வந்தது. அதைத் தாங்க வேண்டிய நிதிக் கண்காணிப்பு தளர்ந்தது. இரு முறையும் கோளாறு வரைபலகைக்கு முந்திய இடத்தில் நேர்ந்தது.

மாநகராட்சிப் பணிகளைப் பொறியாளர் தலைமையிலான துறைகளே நடத்தும் தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். அத்துறைகளில் கட்டடக் கலைஞர்களுக்கு இடம் கேட்பது நியாயமே. கேட்கும்போது இரண்டைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: நில ஒதுக்கீடு முடிவாகும் மேசையில் ஓர் இருக்கை, வடிவமைப்பவரையும் செலவைத் தணிக்கை செய்பவரையும் ஒரே நிறுவனத்துக்குள் அடைக்காத ஏற்பாடு.