கடவுச்சீட்டு வருமுன்னர்

இந்தியாவுக்குப் போய்வர வீசா வேண்டும் என்பதை இன்று மட்டக்களப்பிலே பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் இந்நடைமுறைக்கு வயது எண்பதுகூட நிரம்பவில்லை.

இசைவு பெற்று உட்புகும் வழக்கம் நம் கரைக்குப் புதியதன்று. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டார். கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காண்பதே அவர் நோக்கம். உள்ளூர்ச் சிற்றரசனோ, வந்தவர் போர்த்துக்கேயர்தாமோ என ஐயுற்றான். ஐயம் தீர்ந்து, கண்டியின் இசைவும் கிடைத்த பின்னரே அவர் மலைநாடு சென்றார். ஆனால் அது ஒருவருடைய ஒரு பயணத்துக்கு ஓர் அரசன் அளித்த இசைவு. கரையேறும் ஒவ்வொருவரையும் ஏட்டிற் பதிந்து நாட்கணக்குப் பார்க்கும் ஏற்பாடு பிற்காலத்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கரையும் அக்கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் புகையிரதம் ஏறலாயினர். 1928இல் இருப்புப்பாதை மட்டக்களப்பை எட்டியது. அதன்பின் நம்மவர் மாகோ சந்தியில் வண்டி மாறித் தலைமன்னார் வழியே தமிழகம் செல்வது எளிதாயிற்று. அந்த நாளை முற்றிலும் பொற்காலமாகப் பேசுவோர் உளர். அது முழு உண்மையாகாது. தோட்டத்துக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்த பின்னரே கடல்தாண்ட முடிந்தது. 1939இல் இந்திய அரசு அவர்தம் வருகையையே தடைசெய்தது. வசதி படைத்தவனுக்குத் திறந்திருந்த வாயில் கூலியாளுக்குப் பாதிதான் திறந்திருந்தது.

அந்தத் திறந்த வாயிலால் நாம் பெற்ற பேறு எத்தகையது என்பதற்கு விபுலானந்த அடிகளின் வாழ்வே சான்று. அன்று மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்திருந்த காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த அவர், 1922இல் மயிலாப்பூர் சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவறம் பூண்டார். ஈழம் மீண்டு, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். மறுபடி ஈழம், பின்னர் இமயச் சாரலின் மாயாவதியில் ஆங்கில இதழொன்றின் ஆசிரியப் பணி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி. பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 யூன் மாதம் தமிழகத்துத் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பில் அவர் மறைந்தார்.

இப்பயணங்களை இன்றைய படிவங்களிற் பொருத்திப் பாருங்கள். சுற்றுலா வீசாவில் சென்று பேராசிரியர் பதவி ஏற்க இயலாது. அதற்கு வேறு வீசா. துறவியாக மடத்திற் சேர வேறொன்று. இதழாசிரியருக்கு இன்னொன்று. நூல் அரங்கேற்றத்துக்கு எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவது என்று அடிகளே மயங்கியிருப்பார்!

இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர நாடொன்று தன் வாயிலைத் தானே காப்பது முறைதான். ஆனால், அதற்கு முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையக மக்களுக்கு, ஊரிலுள்ள தாய் தந்தையரைப் பார்த்துத் திரும்புவதும் இதன்பின் அதிகாரிகளின் அனுமதியைப் பொறுத்ததாயிற்று. போய்விட்டால் திரும்பவிடுவார்களா என்னும் அச்சம் பலரைப் பயணத்தினின்றே தடுத்தது. மீண்டும் நுழையும் உரிமையின் பெறுமதியை அவர்களைப்போல் உணர்ந்தவர் இலர்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பற் சேவையும் 1980களில் போரினால் நின்றது.

இன்று இந்தியா மின்னணு முறையில் ஓராண்டு, ஐந்தாண்டுச் சுற்றுலா வீசாக்களை வழங்குகிறது. அக்காலத்தினுள் பலமுறை போய்வரலாம். ஐந்தாண்டு வீசா என்றால் ஐந்தாண்டும் அங்கேயே தங்கலாம் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அவ்வாறன்று: தங்கக்கூடிய நாட்களுக்குத் தனி வரம்பு உண்டு. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விடப்பட்டது. முன்னர் மாகோவில் வண்டி மாறித் தலைமன்னாருக்குச் சென்ற மட்டக்களப்பார், இக்கப்பலைப் பிடிக்க யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் வடகரைவரை செல்லவேண்டும்.