மேற்கே பார்க்கும் கண்கள்: கொங்குச் சமவெளியின் காட்டுத் தொன்மங்களும் நில உரிமையும்

கொங்கு நாட்டின் பழங்காட்டைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் மேற்கு நோக்கியே நடக்கிறார்கள். வெள்ளியங்கிரி, சிறுவாணி, ஆனைமலை என்று மழை விழும் பக்கமே கண் போகிறது. கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் சாலையில் கணபதியைத் தாண்டிச் சரவணம்பட்டிக்கு வருகிறவருக்குக் காடு என்ற நினைப்பே எழாது. கண்ணாடி பதித்த கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் அவற்றின் நடுவே விற்பனைக்குக் காத்திருக்கும் மனைகளும்தான் கண்ணில் படும். ஆயினும் கொங்கின் காட்டுத் தொன்மங்களில் கனமானவை பலவும் மழைக்காட்டுக்கு உரியவை அல்ல. இந்த வறண்ட மேட்டு நிலத்துக்கே உரியவை என்பது இக்கட்டுரையின் வாதம். அழிந்துபோன அடர்வனத்தின் நினைவாக அவற்றைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. நிலத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்று சொல்லும் வாய்மொழிப் பத்திரங்களாகப் படித்தால் அவை இன்னும் நிறையப் பேசுகின்றன.

ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய நியூ ஃபாரஸ்டை எடுத்துக்கொள்ளலாம். நார்மாண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் 1079 வாக்கில் அதைத் தன் வேட்டைக்காடாக அறிவித்தான். 1100 ஆகஸ்டு 2 அன்று அவன் மகன் வில்லியம் ரூஃபஸ் அதே காட்டில் அம்பு பட்டு இறந்தான். எய்தவன் வால்டர் டிரெல் என்பார்கள். தவறி விழுந்த அம்பா, குறிவைத்த அம்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது அந்தத் துப்பறியும் கதை அல்ல, அதைச் சுற்றி மக்கள் கட்டிய நியாயம். வேட்டைக்காகத் தகப்பன் ஊர்களையும் கோயில்களையும் அழித்தான், அந்தப் பாவம் பிள்ளையைக் கொண்டது என்று மடத்துத் துறவிகள் வரலாற்று ஏடுகளில் எழுதிவைத்தார்கள். வில்லியத்தின் இன்னொரு மகனும் ஒரு பேரனும் அங்கேயே மாண்டது கதைக்கு வலுச்சேர்த்தது. அந்தக் காட்டின் மண் பெரும்பாலும் சத்தற்றது, அத்தனை ஊர்களைத் தாங்கியிருக்க முடியாது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆகவே ஊரழிப்புக் கதை மிகைதான். ஆனால் அதற்குள் இருந்த மனக்குறை மிகை அல்ல. மானைக் கொன்றதற்காக ஒருவன் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் எழுத வேண்டி வந்ததே அதற்குச் சாட்சி.

அங்கே கதை, ஊரை அழித்துக் காடு ஆக்கியவனைப் பற்றியது. கொங்கில் கதை தலைகீழாக நடக்கிறது. கோயம்புத்தூர்க் கோனியம்மன் கோயிலைப் பற்றிய செவிவழிச் செய்தியில் இருளர் தலைவனாகிய கோவன் காட்டைத் திருத்தி ஊர் அமைக்கிறான், அம்மனுக்குக் கல் நடுகிறான். பேரூர்த் தலபுராணத்தில் காமதேனு வழிபட்ட இடம் அது. கன்றின் குளம்புத் தழும்பு சிவலிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் அதைக் காப்பிய நடையில் பாடிவைத்தார். காரமடையில் காரைப் புதருக்குள் பசு பால் சொரிகிறது, மேய்ப்பவன் புதரை வெட்டுகிறான், குருதி பெருகுகிறது, உள்ளே பெருமாள் இருக்கிறார். புதர், பசு, வெட்டு, குருதி என்ற வரிசை தமிழ்நாடெங்கும் தலபுராணங்களில் வருவதுதான். அதனால் இதைக் கொங்கின் தனிச்சொத்தாகக் கொண்டாட வேண்டியதில்லை. இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தக் கதைகளில் வருவது புதரே தவிர வானுயர்ந்த மரங்கள் அல்ல. மாடு நுழையக்கூடிய, அரிவாளுக்கு அடங்கக்கூடிய முட்புதர். கதை சொல்லியின் கண்ணில் இருந்த காடு காரையும் சூரையும் இலந்தையும் வெள்வேலும் படர்ந்த மேய்ச்சல் நிலம்.

அந்தக் காட்டில் முன்பே இருந்தவர்களுக்குக் கதைக்குள் என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. காட்டைத் திருத்தியவர்கள், அங்கே முன்பே இருந்தவர்களை அடியோடு துடைத்துவிடவில்லை. அவர்களுக்கு ஓர் இடத்தைக் கதையிலும் சடங்கிலும் ஒதுக்கினார்கள். நகரத்தின் தோற்றக் கதையில் இருளர் தலைவன் நிற்பது அதனால்தான். கோத்தகிரி பக்கத்து ரங்கசாமி முடியில் இருளரே பூசை செய்கிறார்கள். காரமடைப் பெருமாளுக்கும் அந்த முடிக்கும் உறவு பேசும் வழக்கு அடிவாரத்தில் உண்டு. பேரூரில் ஆனி மாத நாற்று நடவு விழாவில் சிவனும் உமையும் பள்ளர் வேடம் பூண்டு வயலில் இறங்கியதாகக் கதை; நடவு செய்யும் மக்களின் முதன்மை அந்த ஒரு நாளில் கோயிலுக்குள்ளேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது. நிலம் கைமாறிய பிறகு மரியாதை மட்டும் மிஞ்சியது என்று இதைக் குறைத்துச் சொல்வாருண்டு. எனக்கு அந்தக் கணிப்பில் பாதிதான் உடன்பாடு. பட்டா இல்லாத காலத்தில் கோயில் மரியாதையே பட்டாவுக்கு அடுத்த ஆவணம்.

எல்லாச் சண்டையும் மரியாதையில் முடிந்துவிடவில்லை என்பதற்கு அண்ணன்மார் கதை இருக்கிறது. பிரெண்டா பெக் என்னும் கனடிய மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்துச் சிற்றூரில் தங்கி உடுக்கைப் பாட்டாகக் கேட்டுப் பதிவுசெய்த நெடுங்கதை இது. வேளாளரான பொன்னரும் சங்கரும் ஒருபுறம், காட்டையும் வேட்டையையும் நம்பிய வேட்டுவர் மறுபுறம். வேட்டுவர் பக்கத்துக் கொம்பன் என்னும் காட்டுப்பன்றி பயிரைச் சூறையாடுகிறது, அதைக் கொன்றதிலிருந்து வீரப்பூர்ப் படுகளம் வரை கதை இறங்கிச் செல்கிறது. பன்றி இங்கே வெறும் விலங்கு அல்ல. உழுத நிலத்தின் வேலியை ஒப்புக்கொள்ளாத ஒரு வாழ்முறையின் ஆள் அது. இந்தக் கதையை வேட்டுவர் தரப்பில் கேட்டால் அவர்கள் தலைவன் தலையூர்க் காளியே வீரன். ஒரே காட்டுக்கு இரண்டு தரப்பு மூலப்பத்திரம் காட்டுகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

இதற்கு மாறாக வெள்ளியங்கிரியின் கதைகளைப் பாருங்கள். பூண்டியில் மூங்கில் தடி வாங்கி ஏழு மலை ஏறுகிறவர் வழியில் கேட்பவை வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதை வனம், பீமன் களியுருண்டை என்னும் பெயர்களும் அவற்றோடு ஒட்டிய துணுக்குக் கதைகளும். கைதட்டினால் நீர் ஊறும் என்ற சுனையருகே, அதை நம்பாதவர்கூட ஒருமுறை தட்டிப் பார்க்காமல் நகர்வதில்லை. மூச்சு வாங்கும் இடங்களில் முளைத்த கதைகள் இவை. நடையின் அலுப்பைப் போக்குவதும் வழியை நினைவில் நிறுத்துவதும் இவற்றின் வேலை. இவற்றில் குடியேற்றம் இல்லை, எல்லைத் தகராறு இல்லை, வெட்டுப்பட்ட புதர் இல்லை. பாரதமும் இராமாயணமும் மேலே பூசப்பட்டிருக்கின்றன. மழைக்காட்டின் கதை வழிப்போக்கரின் கதை. சமவெளிக் காட்டின் கதை குடியானவரின் கதை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொங்குக் காட்டுத் தொன்மம் என்று பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. மலைக்குள்ளேயே குடியிருக்கும் இருளருக்கும் முடுகருக்கும் மல்லீசுவரன் முடி போன்ற தங்கள் இடங்கள் உண்டு. யாத்திரிகரின் வாய்க்குள் அவை வருவதில்லை.

ஒரு தடை எழும். சங்க காலத்துக் கொங்கில் அடர்காடு இருந்ததற்குச் சான்றே இல்லையா? இருக்கிறது. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் உம்பற்காட்டைச் சொல்கின்றன. ஆனைமலைப் பகுதியே அது என்று ஆய்வாளர்கள் பலர் கொள்வர். ஆனால் இரண்டாம் பத்தின் பதிகம் என்ன சொல்கிறது? இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், தன்னைப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களைப் பிரமதாயமாகக் கொடுத்தானாம். பதிகங்கள் பாட்டுக்குப் பிற்பட்டவை, எண் புலவர் பரிசிலுக்கே உரிய பெருக்கம் என்று தள்ளுபடி செய்தாலும் ஒன்று மிஞ்சும்: யானைக்காடு என்று பெயர் பெற்ற இடத்துக்குள் ஊர்கள் இருப்பது பதிகக்காரருக்கு வியப்பாகத் தோன்றவில்லை. சுண்டக்காமுத்தூர் அருகே மலைப்பாறையில் தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டும் இதையே சொல்கிறது. பாலக்காட்டுக் கணவாயை நோக்கி வணிகச் சாத்து போன பெருவழி அது. ஆளே நுழையாத கன்னிக்காடு என்ற கற்பனையைக் கொங்கின் சான்றுகள் தாங்குவதில்லை.

புலிகுத்திக் கற்களையும் இந்தக் கோணத்தில் மறுபடி படிக்க வேண்டும். கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் இவை பரவலாகக் கிடைக்கின்றன. பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலி, அதன் வயிற்றிலோ வாயிலோ ஆயுதத்தைப் பாய்ச்சும் வீரன், பக்கவாட்டில் முடிந்த கொண்டை. பலவற்றில் எழுத்தே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசிப் பொங்கல் வைத்தே முகம் தேய்ந்திருக்கும். புலி இருந்ததால் பெருங்காடு இருந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறார்கள். புலி அங்கே வந்தது எதற்காக? பட்டியில் அடைத்த மாட்டுக்காக. வீரன் செத்தது எங்கே? மாடு மேய்ந்த முட்காட்டின் ஓரத்தில். அந்தக் கல் மேய்ச்சலின் ஆவணம். அதில் புலி வரவுக்குறிப்பு மட்டுமே.

இங்கிலாந்தின் வனவரலாற்றை எழுதிய ஆலிவர் ராக்கம், நடுக்கால ஆங்கிலேயருக்கு ‘ஃபாரஸ்ட்’ என்பது சட்ட எல்லையே தவிர மரக்கூட்டம் அல்ல என்று விடாமல் வாதிட்டவர். அங்கே மரங்களுக்கு இடையே புல், புல்லில் குதிரையும் மாடும், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை பொறுக்கப் பன்றி. நியூ ஃபாரஸ்டில் இன்றும் பொதுமேய்ச்சல் உரிமையாளர்களுக்கும் அதை மேற்பார்க்கும் வெர்டரர் மன்றத்துக்கும் இடமுண்டு. அந்தப் பழைய ஆங்கிலக் காட்டுக்குக் கொங்கில் மிக நெருங்கி நிற்பது எது என்று என்னைக் கேட்டால் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டைக் காட்டுவேன். சில ஏக்கர் மேட்டு நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. அதற்கு விதை வேண்டியதில்லை, கொம்பை வெட்டி ஊன்றினால் தழைத்துவிடும். உள்ளே ஆங்காங்கே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப் புல். நுழைவாயிலில் ஒரு படல். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்ப்பவர் வேண்டாம். கோடையில் புல் கருகினாலும் வெள்வேல் நெற்று உதிர்ந்து தீவனமாகும். கவுதாரியும் முயலும் கீரியும் வேலிக்குள் குடியிருக்கும். காங்கேயம் காளையின் எலும்புக்கு உறுதி தந்தது இந்தப் புல்தான் என்று பண்ணையத்தார் அடித்துச் சொல்வார்கள்.

ஒப்பீட்டில் ஒரு முறிவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. கொரங்காடு பொதுநிலம் அல்ல, பட்டா நிலம். ஆங்கிலக் குடியானவர் அரசனின் காட்டில் கேட்ட மேய்ச்சல் உரிமை, இங்கே வேலி போட்டவரின் தனியுரிமை ஆகிவிட்டது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் யார் என்ற கேள்வியை அண்ணன்மார் கதையின் வேட்டுவர் நமக்காகக் கேட்டுவைத்திருக்கிறார்கள்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இந்த நிலவரத்தை இரண்டாகக் கிழித்தது. போளுவாம்பட்டி போன்ற மலைச்சரிவுகள் காப்புக்காடு ஆயின. அங்கே வாழ்ந்தவர் தம் உரிமையை அதிகாரி முன் மனுவாகச் சொல்லி நிறுவ வேண்டியதாயிற்று. காடு என்பது அரசின் எல்லைக்கல்லுக்குள் இருப்பது என்ற ஆங்கிலப் பழஞ்சட்டப் பொருள், கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது. எல்லைக்கல்லுக்கு வெளியே கிடந்த முட்காடு தரிசு என்றும் புறம்போக்கு என்றும் கணக்கில் ஏறியது. கோயம்புத்தூரில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்தில் காடு மரமாகவும் மர வெட்டாகவும் விலங்கின் பாடமாகவும் வந்து அடங்கியது. புலிகுத்திக் கல்லை அந்தக் காட்டின் பகுதியாக யாரும் எண்ணவில்லை.

இந்தப் பிரிவினையின் விளைவைச் சரவணம்பட்டி வட்டாரத்தில் நேரில் காணலாம். குருடிமலையில் பிறந்து இப்பக்கத்தின் வழியே போய் நொய்யலில் சேரும் கௌசிகா நதி ஆண்டில் பெரும்பகுதி மணல்தடம். சின்னவேடம்பட்டி ஏரி நெடுங்காலம் வறண்டு, சீமைக்கருவேலம் மூடிக் கிடந்தது. தன்னார்வலர்கள் அதை மீட்க உழைத்து, கரையில் மரங்களும் நட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கொங்குச் சமவெளி எங்கும் இன்று நடப்பது நெருக்கமாகக் கன்று ஊன்றிக் குறுங்காடு வளர்க்கும் முறை. அது மேற்கே பார்த்த கண் சமவெளியில் கட்டும் காடு. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் மேட்டில் இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேலும் உசிலையும், நடுவே புல்லும்தான் பொருந்தும். புல்லை வெற்றிடம் என்று நினைத்து நிரப்புவது நல்லெண்ணத்தில் செய்கிற பிழை.

ஊர்ப்பெயரைக் கொண்டு காட்டை மீட்டெடுக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. விளாங்குறிச்சியில் விளா, வேடம்பட்டியில் வேடர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அது பொழுதுபோக்கு, சான்று ஆகாது.

சான்று தேட வேண்டிய இடம் வேறு. இந்தப் பக்கத்து ஊர்களில் தோட்டத்து மூலையில், வேம்படியில் ஏழு கல் வரிசையாக நட்டிருக்கும்; சுண்ணாம்பும் மஞ்சளும் பூசிய கன்னிமார். அருகில் கருப்பராயன், அவருக்கு மண்குதிரை. சுற்றிலும் பத்தடிக்கு யாரும் மரம் வெட்டமாட்டார்கள் என்பதால் காரையும் சூரையும் கிளுவையும் அங்கே மட்டும் தப்பி நிற்கும். தோட்டம் மனையாகும்போது கற்களைப் பெயர்த்து மதிலோரம் சாய்ப்பார்கள், அல்லது சிமெண்டு மேடை கட்டி டைல்ஸ் ஒட்டிக் கோயில் ஆக்குவார்கள். இரண்டிலும் புதர் போய்விடும். எழுத்து இல்லாததால் தொல்லியல் துறைக்கு அது கல்வெட்டு அல்ல. எல்லைக்கல்லுக்குள் இல்லாததால் வனத்துறைக்கு அது காடு அல்ல.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பரவல் சட்டத்தில் இதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு 5 எக்டேருக்கும் குறைந்த பரப்புதான். 2025இல் அதை அந்தச் சட்டத்தின் கீழ்ப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. அளவு சிறியது என்ற சாக்கு இனி எடுபடாது. ஆனால் சரவணம்பட்டியின் மூலைகள் பத்தடிப் பரப்புகள், தனியார் பட்டாவுக்குள் கிடப்பவை. அவற்றை ஒன்றொன்றாக அறிவிப்பதைவிட, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் வரைபடத்திலேயே சாமிக்கல்லையும் அதன் புதரையும் வேலித்தடத்தையும் குறித்தாக வேண்டும் என்று ஒரு விதி சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கச் சொல்லும் விதிகளோடு அதுவும் ஒரு வரியாகச் சேரலாம்.