வேகம் செய்த குற்றம்

1876 ஜூன். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. ஒல்லியான இரண்டு தோணிகளைக் குறுக்குச் சட்டத்தால் பிணைத்த ஒரு விநோதப் படகும் அதில் இறங்கியது. பெயர் அமரில்லிஸ். செய்தவர் நத்தானியல் ஹெர்ரெஷாஃப், வயது 28. எதிரிகள் எட்டிப்பிடிக்க முடியாமல் தவித்தார்கள். கரையேறியதும் புகார் கொடுத்தார்கள்: இது முறையான படகே இல்லை! இரட்டைத் தோணிகளுக்குப் போட்டிக் கதவு சாத்தப்பட்டது.

அந்த வகைக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் ‘கேட்டமரன்’. நம் கட்டுமரம்தான். நம் கடற்கரையில் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போனவர்களைப் பார்த்த மேல்நாட்டு மாலுமிகள் பெயரை மட்டும் எடுத்துப் போனார்கள். இரட்டைத் தோணி பசிபிக் தீவுவாசிகளின் கைவேலை. ஆக, பெயர் நம்முடையது, உடல் அவர்களுடையது.

சாத்திய கதவை மெல்லத் திறந்தது இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையிலுள்ள பிரைட்லிங்சீ என்ற சிற்றூர். சர்வதேசப் படகுப் போட்டி ஒன்றியம் 1967-இல் இருவர் ஓட்டும் கேட்டமரன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சோதனை ஓட்டம் வைத்தது. அதற்காக அவ்வூர் ராட்னி மார்ச் வரைந்த படகுதான் டொர்னாடோ. நீளம் 20 அடி. அகலம் அதில் சரிபாதி. அந்த அகலத்தில்தான் சூட்சுமம். ஒற்றை உடல் கொண்ட பெரிய பாய்ப்படகு கவிழாதிருக்க அடியில் ஈயத்தைச் சுமக்கும். இதற்கு அந்தச் சுமை வேண்டாம். காற்று அடிக்கும் பக்கத்துத் தோணி நீரைவிட்டு எழும்பும்போது, கம்பியில் தொங்கியபடி வெளியே சாயும் ஆளின் எடையே போதும்.

அதைக் கட்டும் விதமும் வேடிக்கை. இரண்டு மெல்லிய பிளைவுட் பலகைகளின் அடிவிளிம்புகளை ஒன்றுசேர்த்து, பாதி திறந்த புத்தகம்போல நிறுத்துவார்கள். பிறகு மேல்விளிம்புகளை நெருக்குவார்கள். பலகை முனகும், முரண்டு பிடிக்கும், கடைசியில் வளைந்து கொடுக்கும். அந்த வளைவுதான் தோணியின் வயிறு.

சோதனையில் டொர்னாடோ வென்றது. 1976-இல் ஒலிம்பிக்கிலும் நுழைந்தது. அமரில்லிஸ் ஓடிச் சரியாக நூறாண்டு. மான்ட்ரியல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் கனடாவின் கிங்ஸ்டனில் நடந்தன. டொர்னாடோ உருவாகத் துணைநின்ற படகுக் கட்டுநர் ரெஜ் வொயிட், மைத்துனர் ஜான் ஆஸ்போர்னுடன் ஏறித் தங்கத்தைத் தட்டிச் சென்றார். 2000-க்குப் பிறகு பலூன்போல் உப்பும் ஸ்பின்னேக்கர் பாயும், இருவரும் தொங்க இரண்டு கம்பிகளும் சேர, படகு இன்னும் வெறிகொண்டது.

காற்று கவிழ்க்காததை வாக்கு கவிழ்த்தது. 2012 ஒலிம்பிக்கில் படகுப் பிரிவுகள் 11-லிருந்து 10 ஆகக் குறைய வேண்டும். 2007 நவம்பரில் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் கூடிய சர்வதேசப் படகுப் போட்டி நிர்வாகிகள் கேட்டமரனை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் சிங்தாவோவில் டொர்னாடோவின் கடைசி ஒலிம்பிக். அங்கே வெண்கலம் வாங்கிய அர்ஜென்டினா ஜோடியில் ஒருவர் சாண்டியாகோ லாங்கே.

பிழை சீக்கிரம் உறுத்தியது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குக் கேட்டமரன் திரும்ப வரலாம், ஆனால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்று முடிவானது. 2012-இல் ஸ்பெயினின் சான்டாண்டர் கடலில் பல படகுகளை ஓட்டிப் பார்த்தார்கள். தேறியது மாரெல்லி–மெல்வின் நிறுவனம் வடிவமைத்த நாக்ரா 17, நீளம் 5.25 மீட்டர், டொர்னாடோவைவிடச் சிறியது.

ரியோவில் அந்தப் புதுப்படகில் லாங்கே மறுபடி வந்தார். வயது 54. முந்தைய ஆண்டுதான் புற்றுநோயால் நுரையீரலின் ஒரு பகுதியை இழந்திருந்தார். கடைசி ஓட்டத்தில் அவருக்கும் துணைவீராங்கனை செசிலியா கரான்சாவுக்கும் தண்டனைச் சுற்றுகள் விழுந்தன. இருந்தும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தங்கம்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் நாக்ராவின் அடியில் நீரைக் கிழித்து மேலெழுப்பும் சிறகுகள் பொருத்தப்பட்டன. வேகம் கூடியதும் இரண்டு தோணிகளும் அலையைவிட்டு எழும்பிவிடுகின்றன. படகே இல்லை என்று புகார் கொடுத்த அந்த நியூயார்க்காரர்கள் இதைப் பார்த்தால், புகாரை எந்த வரியில் தொடங்குவார்களோ!