‘வேண்டாம்’ என்று சொன்னால் 5 காசு!

அழகர்கோவிலுக்குப் போனால் என்ன செய்வோம்? நூபுர கங்கையில் ஒரு குளியல், கள்ளழகர் தரிசனம், பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு ஒரு கும்பிடு, பிரசாத தோசை. அப்புறம் பஸ் ஏறிவிடுவோம்.

அடுத்த முறை போகும்போது, மேலூர் சாலையில் கிடாரிப்பட்டி வரைக்கும் போய்விட்டு வாருங்கள். அங்கே அழகர்மலையின் ஒரு குகையில், சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ‘பஞ்ச பாண்டவர் படுக்கை’ என்பார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்துகளில், அதற்குக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பாறையில் இருக்கின்றன. உப்பு விற்றவர், துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர்... எல்லாம் உங்களையும் என்னையும் போல உழைத்துப் பிழைத்த ஜனங்கள்.

முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பெயர் பள்ளி. இன்றைக்கு நாம் சொல்லும் பள்ளிக்கூடத்துக்கு வேர்ச்சொல் அந்தச் சமணப் பள்ளிதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால், பள்ளிக்கு ஊர் கொடுத்த கதை நம்ம பக்கத்தில் கல்லிலேயே இருக்கிறது.

கொடுக்கிற கை அதோடு நிற்கவில்லை. 1950-களின் கடைசியில் காமராஜர் முதல்வர், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, மணி, குடிதண்ணீர்ப் பானை என்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிலம் எழுதிவைத்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பல அரசுப் பள்ளிகளின் கட்டடத்தில் ஊரின் வியர்வை இருக்கிறது.

சரி, கொடுத்தாச்சு. கேட்கலாமா? ‘டீச்சர் ஏன் வரலை? கட்டடம் ஏன் ஒழுகுது? பணம் எங்கே போச்சு?’ என்று ஊர்க்கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து நின்று கேட்க முடியுமா? அங்கேதான் சிக்கல். கொடுக்கிற கையை எல்லோரும் கும்பிட்டார்கள். கேட்கிற வாயை என்ன செய்தார்கள் என்பது வேறு கதை.

அந்தக் கதைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும். சங்கரன்கோவில் போகிற வழியில் மானூர். அங்கே உள்ள கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வயது சுமார் 1,200. ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று அதில் விதிகள் எழுதியிருக்கிறார்கள். குடவோலை முறைக்குப் பெயர்போன உத்திரமேரூர் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர் அவற்றுக்கும் மூத்தது.

யார் சபையில் பேசலாம்? அது பிராமணர்களின் சபை. அதிலும் நிலத்தில் முழுப்பங்கு வேண்டும், சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். அரைப் பங்கு, கால் பங்குக்காரர்களுக்கு இடமில்லை. உழுதவனும் நாற்று நட்டவளும் வாசலில்கூட நின்றிருக்க மாட்டார்கள்.

உள்ளே வந்துவிட்டவருக்கும் ஒரு பூட்டு இருந்தது. சபையில் வருகிற ஒவ்வொரு யோசனைக்கும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று முட்டுக்கட்டை போட்டால், அவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு அபராதம்!

படித்ததும் சிரிப்பு வரும். கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்கு அந்தச் சபைக்காரர்களின் தலைவலியும் புரியும். எல்லாவற்றையும் எதிர்க்கும் ஓர் ஆசாமி எந்த ஊரிலும் இருப்பார். ஆனால், வீம்புக்கு ‘வேண்டாம்’ என்பவர் யார், நியாயத்துக்காகச் சொல்பவர் யார்? அதைத் தீர்மானிப்பதும் அதே சபைதானே! ஏற்கெனவே பலம் உள்ளவர்களின் கையில் அந்த 5 காசு ஒரு நல்ல ஆயுதம்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி, 1943-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஓவியமாக வந்தது. வரைந்தவர் நார்மன் ராக்வெல். வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சின்ன ஊரில் அவர் குடியிருந்தார். ஊர்க்கூட்டத்தில் ஒரு பேச்சு. எரிந்துபோன பள்ளிக்குப் பதிலாகப் புதுசு கட்டுவது என்று ஊரே சம்மதித்துவிட்டது. ஜிம் எட்ஜர்டன் என்ற விவசாயி மட்டும் எழுந்து ‘எனக்குச் சம்மதமில்லை’ என்றார். வரி ஏறும் என்ற பயம் அவருக்கு. யாரும் அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால், அவர் முடிக்கிற வரை கேட்டார்கள். ராக்வெல்லை உலுக்கியது அதுதான். பழைய சட்டையோடு நிற்கும் மனிதர், அவரை அண்ணாந்து பார்க்கும் கோட்டு, டை கனவான்கள். ‘பேச்சுரிமை’ என்று அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார்.

அமெரிக்காவிலும் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மேடிசன் நகரில் 1971-ல் பள்ளி நிர்வாக வாரியத்தின் பொதுக்கூட்டம். சங்கத்தில் சேராத ஆசிரியர் ஒருவர் எழுந்து, ‘சங்கம் கேட்கிற ஷரத்து பற்றி முடிவைத் தள்ளிவையுங்கள்’ என்று பேசிவிட்டார். ‘அவரைப் பேசவிட்டது தப்பு’ என்று சங்கம் புகார் செய்தது. தொழில் உறவு ஆணையமும் சங்கத்தின் பக்கம் நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1976-ல் தீர்ப்பு வந்தது. பொதுமக்களுக்கென்று திறந்த கூட்டத்தில், ஆசிரியர் என்பதற்காக ஒருவரின் வாயை மூட முடியாது என்றார்கள் நீதிபதிகள்.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். இங்கே அபராதம் 5 காசோடு நிற்கவில்லை. அழகர்கோவில் இருக்கும் அதே மேலூர் வட்டாரம்தான் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய பஸ்ஸில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கே அந்த விலை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-ல் இருந்து பத்து ஆண்டுகள் தலைவர் பதவி நிலைக்கவே இல்லை. ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-ல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால், பேசிவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடிந்தால்தானே அது உரிமை?

அதே வட்டாரம் 2024-ல் இன்னொன்றையும் காட்டியது. இது பள்ளிக்கூட விஷயமில்லை, மலை விஷயம். ஆனால், ஊர் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி கிடையாது. அரிட்டாபட்டி, கிடாரிப்பட்டி, நாயக்கர்பட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று நவம்பர் 7 அன்று செய்தி வந்தது. ஆமாம், அந்த உப்பு வியாபாரி பேர் இருக்கிற கிடாரிப்பட்டியேதான். நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் ‘வேண்டாம்’ என்று ஊர்கள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஜனங்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மானூர் சபை எந்த வார்த்தைக்கு அபராதம் போட்டதோ, அந்த வார்த்தைதான் மலையைக் காப்பாற்றியது.

இப்போது பள்ளிக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரலில் இருந்து நடைமுறை. அதன் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய நிலையில் உள்ள பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று, இந்தக் குழுக்களைப் புதுசாக அமைப்பதற்காக அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். மானூரில் வாசலுக்கே வர முடியாதவர் யாரோ, அவருடைய பேத்தி இன்றைக்கு உறுப்பினராக உட்காரலாம். நிலம் வேண்டாம், சாஸ்திரம் வேண்டாம். அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை படித்தால் போதும். 1,200 ஆண்டுகளில் இது சின்ன மாற்றம் இல்லை.

ஆனால், கூட்டத்தில் என்ன நடக்கிறது? ஒரு அம்மா காட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறார். நோட்டை நீட்டுகிறார்கள். ‘இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா.’ போட்டுவிட்டுக் கிளம்புகிறார். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது? தெரியாது. கேட்டால், ‘பிள்ளையை ஏதாவது சொல்லிடுவாங்களோ’ என்று பயம். அந்தப் பயம்தான் இன்றைய 5 காசு.

‘நம்ம பிள்ளை தனியார் பள்ளியில் படிக்குது, நமக்கென்ன’ என்கிறீர்களா? அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த 21-வது பிரிவு பொருந்தாது. லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டும் உங்களுக்கு, அந்தச் சட்டம் கொடுக்காத ஒரு நாற்காலியைக் கூலி வேலை செய்யும் அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த நாற்காலியின் அருமை அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று. எந்தக் கூட்டமாக இருந்தாலும், கையெழுத்துப் போடுமுன் நோட்டை வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். யாராவது ஒருத்தர் எழுந்து ‘எனக்குச் சம்மதமில்லை’ என்றால், நீங்கள் அவரோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. ‘உட்காருய்யா’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.