எலும்பு கூடியும் கை தூக்க வரலையா? நரம்பைக் கவனிங்க... நாள் கணக்கு ரொம்ப முக்கியம்!

பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தாயிற்று. எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால், கை தூக்க வரவில்லை. ``கொஞ்ச நாள் போனா சரியாயிடும்'' என்பார்கள் வீட்டில். சில நேரம் அது உண்மைதான். அடிபட்டது நரம்பாக இருந்தால், அப்படிப் போகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

பெரம்பலூர் வழியாகத்தான் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை போகிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகள். வயலுக்குப் போனால் அரிவாள், மக்காச்சோளம் அடிக்கும் மெஷின். கை நரம்பு அடிபட இங்கே வழிகள் நிறைய. அதனால் இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எது நரம்பு?

கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை `நரம்பு' என்கிறோம். அது ரத்தக்குழாய். உண்மையான நரம்பு உள்ளே இருக்கும் ஒயர் மாதிரி. மூளையின் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோகும்; சூடு, வலி, தொடுதலை மூளைக்குக் கொண்டுவரும்.

கைக்கான நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பி, காறை எலும்புக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னி, அக்குள் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. இந்தப் பின்னலுக்கு `பிரேக்கியல் பிளெக்சஸ்' என்று பெயர். பைக்கிலிருந்து தூக்கி எறியப்படும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால், இந்தப் பின்னல் கயிறு மாதிரி இழுபடும். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றும். இந்த இழுப்பைத் தடுக்காது. வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

மூன்று விதமான அடி

முதல் வகையில் நரம்பு அமுங்கி, கொஞ்ச காலம் வேலைநிறுத்தம் செய்யும். பஸ்ஸில் சீட் கம்பி மேல் கையைப் போட்டுத் தூங்கி எழுந்தால் மணிக்கட்டு தொங்கிப்போவது இந்த வகை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும்.

இரண்டாவது வகையில் வெளி உறை இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். மெதுவாக வளர்ந்து வரும்.

மூன்றாவதில் நரம்பு முழுசாக அறுந்திருக்கும், அல்லது தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டிருக்கும். இது தானாகக் கூடாது. அடிபட்ட பக்கத்துக் கண் இமை லேசாகத் தொங்கி, கண்ணின் கருமணி மறுகண்ணைவிடச் சின்னதாகத் தெரிந்தால், வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம். டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பார்க்க 5 சோதனைகள்

எலும்பு முறிவு இருந்தால் தோள், முழங்கைச் சோதனைகளை டாக்டர் சொன்ன பிறகே செய்யுங்கள். விரல்களை மட்டும் முதல் நாளே பார்க்கலாம்.

1. கையைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா?
2. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது போல முழங்கையை மடக்க முடிகிறதா?
3. மணிக்கட்டை மேலே தூக்கி, லிஃப்ட் கேட்பது மாதிரி கட்டைவிரலை நீட்ட முடிகிறதா?
4. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளைச் சேர்த்து வட்டம் போட முடிகிறதா?
5. விரல்களை விரித்துச் சேர்க்க முடிகிறதா? சுண்டுவிரலில் தொட்டால் தெரிகிறதா?

ஒவ்வொன்றும் ஒரு தனி நரம்பின் வேலை. எதில் தடங்கல் என்று குறித்துக்கொண்டு போனால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

காலண்டரில் குறிச்சு வைங்க

அறுந்த இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். தோளிலிருந்து உள்ளங்கைக்கு 60 செ.மீ. என்று வைத்தாலும் 600 நாள் ஆகும். ஆனால், நரம்புத் தொடர்பில்லாத தசை 12 முதல் 18 மாதங்களுக்குள் சுருங்கிக் கெட்டுவிடும். அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பிரயோஜனமில்லை. அவசரம் ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

* அரிவாள், கண்ணாடி வெட்டு: மேல்தோலுக்கு மட்டும் தையல் போட்டு முடித்துவிடக் கூடாது. விரல் அசைவும் உணர்ச்சியும் சரியாக இல்லையென்றால், நரம்பைச் சில நாள்களுக்குள் தைக்க வேண்டும்.
* வெளியே காயமில்லாத இழுப்பு அடி: 3 - 4 வாரங்களில் நெர்வ் கண்டக்‌ஷன், இ.எம்.ஜி. பரிசோதனை.
* 3 மாதமாகியும் அசைவு திரும்பவில்லையென்றால், அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். 6 மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பலன் அதிகம். வேர் பிடுங்கப்பட்டிருந்தால் இன்னும் முன்னதாகவே.

பிரசவத்தில் தோள் சிக்கி இழுபட்ட குழந்தைகளுக்கும் இதே 3 மாதக் கணக்குதான்.

நன்றாக வேலை செய்யும் நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, செயலிழந்த தசைக்குப் பக்கத்திலேயே இணைக்கும் `நெர்வ் டிரான்ஸ்ஃபர்' முறை இப்போது பரவலாகிவிட்டது. முழங்கை மடங்கினால் பாதி வாழ்க்கை திரும்பும் என்பதால், அதற்கே முதலிடம் கொடுக்கிறார்கள்.

செய்யக் கூடாதவை

சுளுக்கு எடுப்பதாகக் கையை முறுக்க வேண்டாம். இறுக்கமான கட்டு போட்ட பிறகு விரல் வீங்கி, மரத்து, வலி தாங்க முடியாமல் போனால், ராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே தசையும் நரம்பும் கெட்டுவிடும். பிசியோதெரபியை நிறுத்தவும் கூடாது. மூட்டு இறுகிவிட்டால், நரம்பு சரியானாலும் கை அசையாது.

வலிக்காத கை ஆபத்து

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதையும் தாண்டினால் கொல்லிமலை. 1914-ல் அங்கே பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி-யில் 1940-களின் கடைசியில், தொழுநோயால் நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களுக்கு, நல்ல தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி அசைவு கொடுத்தவர். வலி தெரியாததால்தான் அந்தக் கைகளில் புண் மேல் புண் வருகிறது என்றும் எடுத்துச் சொன்னார்.

இந்த இரண்டுமே நரம்பு அடிபட்டவர்களுக்கும் பொருந்தும். உணர்ச்சியில்லாத கையால் டீ டம்ளர், அடுப்பு, சைலன்சர் பக்கம் போகாதீர்கள். தினமும் ஒருமுறை கண்ணால் பார்த்துக் காயம் தேடுங்கள். ஒரு வருடம் தாண்டி வந்தவர்களுக்கும் தசைநாண் மாற்று சிகிச்சை கைகொடுக்கும். அதனால், `லேட்டாயிடுச்சு' என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம்.

எங்கே போகலாம்?

விபத்து நடந்தவுடன் 108. தமிழக அரசின் `இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஆகியவை பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த கட்டத்துக்கு, சென்னை ஸ்டான்லியில் கை சிகிச்சைக்கென்றே தனி அரசு நிலையம் உண்டு. கோவை கங்கா மருத்துவமனையும் இதில் பெயர் பெற்றது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கட்டு பிரிக்கும் நாளில் `எலும்பு சேர்ந்துடுச்சா டாக்டர்?' என்று எல்லாரும் கேட்கிறோம். கூடவே, `நரம்பு நல்லா இருக்கா?' என்றும் கேட்டுவிடுங்கள்.