தோட்டப் பள்ளியும் வீட்டுப்பாடமும்



தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு என்றதும் நாம் ஆண்டுகளையும் சட்டங்களையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது என்பதில் ஆரம்பித்து, அறிக்கை அறிக்கையாகக் கடந்து இன்றைக்கு வந்து சேர்கிறோம். அவையும் வேண்டியவைதாம். ஆனால் மணியடித்த பிறகு வகுப்பில் என்ன நடந்தது, பிள்ளை மாலையில் வீட்டுக்கு என்ன பாடத்தைக் கொண்டுபோனது, அதை எந்த வெளிச்சத்தில் எழுதியது என்பதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

கேட்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நம் முன்னோர் எழுதியது சிலேட்டில். இரவு எழுதிய உறுப்பெழுத்தும் கணக்கும் மறுநாள் காலையில் ஆசிரியர் கண்ணில் பட்டதும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டுவிடும். துரைமார் எழுதிய அறிக்கைகள் கோப்பில் தங்கின. பிள்ளைகள் எழுதியது தங்கவில்லை.

மலாயாவில் 1912ஆம் ஆண்டிலும் பின்னர் 1923ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டங்களைத் தோட்டப் பள்ளிகளின் தாய் எனலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தரவேண்டும் என்று விதி வந்தது. பள்ளி எப்படி இருக்கவேண்டும் என்பதில் நிர்வாகங்கள் அதிகம் மனம் வைக்கவில்லை. லயத்தின் கோடியில் ஓர் அறை, கோயிலை ஒட்டிய கொட்டகை, சில இடங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு பக்கம், இவை பள்ளியாயின. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, தோட்டத்தில் வேலை செய்த ஒருவரோ ஆசிரியரானார். பகலில் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு பாடமும் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். பயிற்சி பெறாதவர்கள் என்று பிற்காலத்தில் அவர்களைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தலைமுறை கைநாட்டோடு போயிருக்கும் என்பதே நம் கருத்து.

வகுப்பறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், நாலு வகுப்பு. முதல் வகுப்புப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் 'அ' எழுதுகின்றன. இரண்டாம் வகுப்பு உரக்க வாய்ப்பாடு சொல்கிறது. மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல். நான்காம் வகுப்பில் கெட்டிக்காரனான ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று சின்னவர்களைப் பார்த்துக்கொள்கிறான். இத்தனை சத்தத்துக்கு நடுவே மனக்கணக்குப் போடப் பழகிய பிள்ளைக்குப் பிற்காலத்தில் சந்தை இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல! போருக்கு முன் பல தோட்டப் பள்ளிகள் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டன. பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. பேராற்றங்கரையில் வாழ்ந்த பிள்ளை காவேரியின் கிளையாறுகளை மனப்பாடம் செய்தது. உள்ளூர் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் பரவலாகக் கைக்கு வந்தது போருக்குப் பின்னரே.

ஆசிரியர் தவறாமல் செய்த வேலை ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் கோடு போடுவது. பிள்ளைகளின் வருகையைக் கணக்கிட்டே அரசாங்க மானியம் கிடைத்ததால் அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மதிப்பு. 1930ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகளுக்கென ஓர் ஆய்வாளரும் நியமிக்கப்பட்டார். அவர் வரும் நாளில் மட்டும் பள்ளி நிறைந்திருக்கும் என்று நம் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. மற்ற நாள்களில் யார் வராமற்போனார்கள்? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைகள்.

ஏன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விடியுமுன் பெரட்டு. தாயும் தகப்பனும் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போய்விட்டால், தம்பி தங்கைக்குக் கோப்பி கலந்து கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, வீட்டைக் கூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போகவேண்டியவள் அவள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று அவளுக்குப் பள்ளி இல்லை. பதிவேட்டில் அது ஒரு பூச்சியம். சில தோட்டங்களில் பிள்ளைகளே காலையில் வேலைக்குப் போய்விட்டுப் பிற்பகலில் படிக்க வந்தார்கள். கோப்பை துடைக்கவும், ஒட்டுப்பால் உரிக்கவும் சின்னக் கைகள் பயன்பட்டன.

இப்போது வீட்டுப்பாடத்துக்கு வருவோம். பால் நிறுத்துவிட்டுத் தாய் வீடு திரும்பும்போது பிற்பகலாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர், விறகு, சமையல். பிள்ளை சிலேட்டை எடுத்து உட்காரும் நேரத்தில் இருட்டிவிடும். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றுதான் வீட்டுக்கு. அது அடுப்பங்கரையில் இருந்தால் பாடமும் அடுப்பங்கரையில்தான் நடக்கும். மின்னாக்கி வந்த தோட்டங்களிலும் இரவில் குறித்த நேரத்துக்கு மேல் விளக்கு அணைந்துவிடும். எழுதி முடிக்காத கணக்குக்கு மறுநாள் காலை பிரம்படி. ஆசிரியருக்கும் அந்த விளக்கின் கதை தெரியும், ஏனென்றால் அவரும் அதே தோட்டத்தில்தான் குடியிருந்தார். தெரிந்துகொண்டு, வாய்ப்பாட்டையும் செய்யுளையும் மனப்பாடமாகக் கொடுத்துவிட்டுப் போன ஆசிரியர்களை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும். மனப்பாடத்துக்கு வெளிச்சம் வேண்டாம் அல்லவா?

பிள்ளைகளின் சாதனையை எதை வைத்து அளப்பது? அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை நான்காம் வகுப்பு வரை படித்தாலே லயத்துக்குப் பயன்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டும், பதிலும் எழுதித் தரும். கடைக்காரர் கடன் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொகை சரிதானா என்று கூட்டிப் பார்த்துச் சொல்லும். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு' ஆகிய நாளேடுகள் தோட்டங்களுக்கு வந்தபோது அவற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 1950களில் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் திறந்தது. தம் பெயர் அச்சில் வரவேண்டும் என்று எழுத முனைந்த மாணவர்கள் பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் ஆனார்கள். வகுப்பறைக் கட்டுரைப் பயிற்சி ஒன்று வெளியுலகை எட்டியதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் ஏறத்தாழ 50,000 பிள்ளைகள். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு 60 பேர்கூட இல்லை. அப்படியானால் பல வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை ஒரே நாளில் மாறவில்லை என்பது விளங்கும். அந்த நிலையில்தான் மலாயும் ஆங்கிலமும் படிக்கவேண்டிய பாடங்களாயின. கடைத்தெரு மலாய் எல்லாருக்கும் பேச வந்தது. வீட்டுப்பாடத்தில் கேட்ட மலாய் வேறு. தமிழ்க் கணக்கில் உதவிய தகப்பனும் அங்கே கையை விரித்தார்.

ஆறாம் வகுப்பு முடிவில் இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு ஒன்று 1960களின் தொடக்கம் வரை நடந்தது. தேறாதவர்களுக்கு அதோடு படிப்பு முடிந்தது. 12 வயதில் தோளில் வாளி ஏறியது. எத்தனை பேருடைய வாழ்க்கையை அந்த ஒரு தாள் தீர்மானித்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அந்தத் தேர்வில் எழுதியவர்கள் ஒரே பாடத்தைத்தான் எழுதினார்கள், ஆனால் ஒரே வெளிச்சத்தில் படித்தவர்கள் அல்லர். அத்தேர்வு நிறுத்தப்பட்டபின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு இடைநிலைக்குப் போனார்கள். கதவு திறந்தது உண்மை. நகரத்துக்குப் பஸ் கட்டணம், சீருடை, மொழி மாற்றம் ஆகியவற்றுக்கு முன்னே பலர் பாதியில் நின்றதும் உண்மை. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பின்னாளில் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கியது. தொழிலாளர்களே சேர்த்த பணம் அது.

1983இல் தொடக்கப் பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றையும் முன்வைத்து, பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து செயல்படத் தொடங்கினார்கள். பின்தங்கியவர்களுக்குக் குறைநீக்கல், முந்தியவர்களுக்கு வளப்படுத்தும் நடவடிக்கை என்று ஆசிரியர்கள் பேசினார்கள். அட்டைகளையும் படங்களையும் தாங்களே வெட்டி ஒட்டித் தயாரித்தார்கள். இதற்கிடையே தமிழ்நாட்டில் 1978இல் ஏற்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தமும் நம் வகுப்பறைகளுக்கு வந்தது. 'லை', 'னை' எழுத்துகளைப் பழைய வடிவில் கற்ற தாய்மார்கள், பிள்ளையின் நோட்டைப் பார்த்து இது தப்பு என்று திருத்தப்போன வேடிக்கையும் வீடுகளில் நடந்தது. ஆனாலும் ஒரு தாய் நோட்டைக் கையில் வாங்கித் திருத்த முற்பட்டாள் என்பதே எவ்வளவு பெரிய மாற்றம்!

1988இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. எத்தனை 'ஏ' என்பதே ஊர்ப்பேச்சாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மாலை வகுப்புகளும் பரிசளிப்பு விழாக்களும் நடத்தின. நல்லதுதான். ஆனால் 'ஏ'க்களை எண்ணிய வேகத்தில், தம்பியைத் தூங்கவைத்துவிட்டு வந்து படித்தவளின் 'பி' எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் இல்லாமற்போனது. 2021இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, வகுப்பறையிலேயே மதிப்பிடும் முறை நிலைத்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடியிருப்புகளாகிவிட்டன. பல பள்ளிகள் இடம் மாறின. பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. லயமும் இல்லை, விளக்கும் இல்லை என்று நாம் நினைத்திருந்தோம். 2020இல் கொவிட் தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது, ஒரே கைப்பேசி இருந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். தகப்பன் வேலை முடிந்து அதைக் கொண்டுவரும் வரை வீட்டுப்பாடம் நின்றது. வேறு வழியில்லாத வீடுகளுக்கு ஆசிரியர்கள் தாளில் அச்சிட்ட பாடங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.