மலை சுத்தணும்... ஆனா முட்டி வலிக்குதே! குளிர்காலத்தில் மூட்டுவலி, முதுகுவலி ஏன் அதிகமாகுது? என்ன செய்யலாம்?

கார்த்திகை பிறந்தால் திருவண்ணாமலையில் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒன்று மகாதீபம். இன்னொன்று, 'முட்டி பிடிச்சுக்கிச்சு, இடுப்பை நிமித்தவே முடியலை' என்ற புலம்பல். இங்கே என்ன பெரிய குளிர் என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு, மழை ஈரத்தோடு விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே குளிர்தான். ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

சரியாக இந்த நேரத்தில்தான் வருஷம் முழுக்கப் பெரிதாக நடக்காத கால்கள்கூட 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்குக் கிளம்புகின்றன. அதுவும் வெறுங்காலோடு, பெரும்பாலும் ராத்திரியில்.

குளிருக்கும் வலிக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கா?

'மழை வரப்போகுது, என் முட்டி சொல்லுது' என்று பாட்டிகள் சொல்வதை விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விடைதான் ஒரே மாதிரி வரவில்லை.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் நீண்டகால வலி உள்ள 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் செல்போன் செயலி மூலம் தினமும் வலியைப் பதிவு செய்யச் சொன்னது. 2019-ல் வந்த முடிவு: காற்றில் ஈரப்பதம் அதிகமாகவும், காற்றழுத்தம் குறைவாகவும், காற்று பலமாகவும் இருந்த நாட்களில் வலி கொஞ்சம் கூடியது. வெப்பநிலைக்குத் தனியாகத் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அதாவது வெறும் குளிரை விட, ஈரக் குளிர்தான் சந்தேகத்துக்குரிய ஆள். நம்ம கார்த்திகை மாசத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் 2014-ல் சிட்னியில் சுமார் 1,000 முதுகுவலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில் வெப்பநிலை, ஈரப்பதம், மழை எதற்கும் முதுகுவலியோடு தொடர்பு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருத்துவமனை வருகைகளை மழைப் பதிவோடு ஒப்பிட்ட 2017 ஆய்விலும் அப்படித்தான்.

அப்போ பாட்டி சொன்னது பொய்யா? இல்லை. வலி கூடுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை. குளிரில் தோலுக்கும் கை கால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தசைகள் இறுகும். காற்றழுத்தம் குறையும்போது மூட்டைச் சுற்றிய திசுக்கள் லேசாக உப்பலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு. இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ரொம்பச் சாதாரணமானது: நாம் நடமாட்டத்தைக் குறைத்துவிடுகிறோம். காலை நடை நின்றுபோகும், போர்வைக்குள் சுருண்டு கிடப்போம். அசையாத மூட்டு இறுகும். இறுகினால் வலிக்கும். வலித்தால் இன்னும் அசையமாட்டோம். இந்தச் சுழலை உடைப்பதுதான் வைத்தியத்தில் பாதி.

மார்கழிக் கோலமும் இடுப்பு வலியும்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் எனப்படும் மெத்தைகள், இரவு படுத்திருக்கும்போது நீரை இழுத்து உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தை விட அதிகம். மார்கழியில் நம் வீட்டுப் பெண்கள் சரியாக அந்த நேரத்தில்தான் என்ன செய்கிறார்கள்? நாலரை மணிக்கு எழுந்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்து, முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து அரை மணி நேரம் கோலம் போடுகிறார்கள். அப்புறம் 'பனியால இடுப்பு வலி' என்று பழி பனிக்குப் போகிறது.

கோலத்தை நிறுத்த வேண்டியதில்லை. எழுந்தவுடன் வாசலுக்குப் போகாமல், வீட்டுக்குள் கால் மணி நேரம் நடந்து சின்னச் சின்ன வேலை பாருங்கள். முட்டி நன்றாக இருந்தால் குத்துக்காலிட்டோ, முட்டி வலி என்றால் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தோ போடுங்கள். நடுநடுவே நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து லேசாகப் பின்னால் வளையுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குகிற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முடிந்தால் வீட்டு ஆண்கள் தூக்கட்டுமே!

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். வெறும் சிமென்ட் தரையில் பாய் மட்டும் விரித்துப் படுப்பவர்கள், இரண்டு மூன்று மாதத்துக்காவது அதன் மேல் ஒரு கெட்டி ஜமக்காளமோ மெத்தையோ போட்டுக்கொள்வது நல்லது.

ஒத்தடம், தைலம், முடக்கத்தான்... எது உதவும்?

சூடு உதவும். உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், வெந்நீர்ப் பை எதுவானாலும் 15 முதல் 20 நிமிடம் போதும். இறுகிய தசை தளரும். ஒத்தடம் கொடுத்த கையோடு மூட்டை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தால்தான் முழுப் பலன். ஆனால் மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே சுட்டால் அங்கே சூடும் வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் இங்கே ரொம்பக் கவனமாக இருக்கணும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தண்ணீரின் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வேறு ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

தைலம் தடவினால் வரும் எரிச்சல், மூளைக்குப் போகும் வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் மங்கச் செய்யும். தவறில்லை. தைலம் தடவிய இடத்தில் உடனே வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

முடக்கத்தான் கீரைக்கு 'முடக்கு அறுத்தான்' என்பதிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தோசையில் அரைத்துச் சாப்பிடலாம், பிரண்டைத் துவையலும் அரைக்கலாம், ருசிக்கும் சத்துக்கும் நல்லது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை இவை திரும்ப வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் 'முட்டி வலிக்கு நாலு மாத்திரை கொடுங்க' என்று வாங்கிப் போடும் பழக்கம் ஆபத்தானது. டைக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெயர் தெரியாத பொடி, லேகியம் சாப்பிட்டு இரண்டே நாளில் வலி மாயமாகப் போனால் சந்தோஷப்படாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முழங்கால் வலி மட்டும் என்றால், மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லிலிருந்து தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை விட அதில் உடம்புக்குள் சேரும் மருந்து மிகக் குறைவு.

கிரிவலத்துக்கு முட்டியைத் தயார் செய்வது எப்படி?

14 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 20,000 அடி. சமதளத்தில் நடக்கும்போதே ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை விழுகிறது. இதை ஒரே ராத்திரியில் பழக்கமில்லாத முட்டியிடம் கேட்டால் அது எதிர்க்கத்தான் செய்யும்.

மூன்று, நான்கு வாரம் முன்பே தினமும் இரண்டு கிலோமீட்டரில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தொடைத் தசைதான் முட்டியின் உண்மையான காவல்காரன். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி ஐந்து வரை எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

நடக்கும் அன்று முட்டியை மூடும் உடை, மழைக்கு மாற்றுத் துணி, தண்ணீர் அவசியம். எட்டு லிங்கங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முடித்ததும் அப்படியே நாலு மணி நேர பஸ் பயணத்தில் முடங்கி உட்காராமல், காலை நீட்டி மடக்கிவிட்டு ஏறுங்கள்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. ஒரு சின்ன முள் குத்தியது தெரியாமல் புண்ணாகி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். செருப்பு போட மனசு ஒப்பவில்லையா, கூட்டமில்லாத சாதாரண நாளில் ஆட்டோவில் சுற்றி வாருங்கள். இந்த ஊரில் வாழ்ந்த ரமண மகரிஷியே பிற்காலத்தில் வாத நோயால் கால் வலியோடு கைத்தடி ஊன்றித்தான் நடந்தார்.

குபேர லிங்கம் பக்கத்தில் உள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலில், குறுகலான வழியில் படுத்து ஊர்ந்து வெளியே வந்தால் முதுகுவலி, இடுப்புவலி தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் டிஸ்க் விலகல் உள்ளவர்கள், முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள், எலும்பு பலமில்லாத வயதானவர்கள் உடம்பைத் திருகி நுழைவதைத் தவிர்த்து, வெளியே நின்று கும்பிடுவது போதும்.

எப்போது 'குளிர் வலி' என்று விட்டுவிடக் கூடாது?

காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், அதுவும் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கினால், முடக்குவாதமாக இருக்கலாம். இதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டுகள் கோணிப்போகாமல் காப்பாற்ற மருந்து இருக்கிறது. காய்ச்சலோடு திடீரென எல்லா மூட்டும் வலித்தால் சிக்குன்குனியாவா என்று பார்க்கணும், மழைக்காலம் கொசுக்காலமும்தானே. ஒரே மூட்டு மட்டும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், அன்றே மருத்துவமனை.

முதுகுவலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதுகெலும்பு காசநோயா என்று பரிசோதிக்க வேண்டும். கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. விடியற்காலைக் குளிரில் தோள், மேல்முதுகு வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று கஷாயம் வைக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. படுக்கையோடு இருக்கும் பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி சிகிச்சையை வீட்டுக்கே வந்து கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.